ஈரலைக் கேட்காமல் விழுங்கிய குளிசை

2022 ஓகஸ்ட் மாதத்தில் ஒரு மாலை, வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு பாமசிக்குள் நின்று, என் மகன் வயதுள்ள ஒரு பையனை நாலு பேர் பார்க்க ஏசித் தீர்த்தேன். "போலிக் குளிசையை விற்றுவிட்டு நிற்கிற நிலையைப் பார்" என்று, தைரொயிட் ஓமோனான தைரொக்சின் குளிசை அட்டையைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் எறிந்தேன். "அம்மா, நீங்கள் வழக்கமாக வாங்குகிற கம்பனியின் குளிசை மூன்று மாதமாக வரவில்லை. இதுவும் பதிவு செய்த மருந்துதான்" என்றான் அவன். கேட்கும் நிலையில் நான் இல்லை. என் கையில் அன்று காலை வந்த இரத்தப் பரிசோதனை அறிக்கை இருந்தது. தைரொக்சின் போதாவிட்டால் மூளையின் அடியில் உள்ள கபச்சுரப்பி கூட்டி அனுப்பும் ஓமோன் டி.எஸ்.எச். அன்று அது 11.4. அதற்கு முந்திய பத்து வருடமும் எனக்கு அது 2க்கும் 3க்கும் இடையிலேயே நின்றது. ஆய்வுகூடம் அச்சிட்டிருந்த மேல் எல்லை 4.2.

அந்த வருடம் கொழும்பில் இருந்தவர்களுக்கு என் சந்தேகம் விளங்கும். நாட்டில் டொலர் இல்லை, ஆகவே மருந்தும் இல்லை. ஒரு மாதம் ஒரு பெயரில் வந்த குளிசை அடுத்த மாதம் வேறு நிறத்தில், வேறு அட்டையில் வந்தது. எது நல்லது, எது கலப்படம் என்று மாடிக்கு மாடி கதை நடந்தது. அதே காரணத்தால்தான் என் உடம்பு தந்த அறிகுறிகளையும் நான் மூன்று மாதம் தவறவிட்டேன். காஸ் சிலிண்டருக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, இடையில் மின்வெட்டு, எரிபொருள் இல்லாமல் மூடிய பாடசாலைக்குப் பதிலாகத் தொலைபேசித் திரையில் வகுப்பு. நாடே களைத்துப்போயிருந்தபோது எனக்கு மட்டும் தனியாக ஒரு களைப்பு இருக்கிறது என்று எப்படித் தெரியும்? மதியத்தில் தூங்கிவிழுந்தேன். தலைமுடி கொத்தாக வந்தது. குரல் தடித்தது. ஓகஸ்ட் வெயிலில் மின்விசிறியை நிறுத்தச் சொல்லி வீட்டில் சண்டை பிடித்தேன். மின்வெட்டு வந்தபோது நிம்மதியடைந்த ஒரே ஆள் வெள்ளவத்தையில் நானாகத்தான் இருப்பேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1999 முதல் உயர்தர வகுப்புக்குத் தமிழ் மொழியில் உயிரியல் படிப்பிக்கிறேன். 2012 இல் கழுத்தில் கட்டி பெருத்து, தைரொயிட் சுரப்பியை முழுவதுமாக அகற்றினார்கள். அன்றிலிருந்து காலையில் 100 மைக்ரோகிராம் தைரொக்சின். பத்து வருடத்தில் அது மருந்து என்ற நினைவே போய்விட்டது. தேநீர் மாதிரி, பல் துலக்குவது மாதிரி. 2022 மார்ச்சில், எனக்கு 48 வயதில், கருப்பையையும் இரண்டு சூலகங்களையும் எடுக்கவேண்டி வந்தது. சூலகங்கள் போன இரண்டாவது வாரமே உடம்பு திடீர் திடீரென்று அடுப்பாகக் கொதித்து, நள்ளிரவில் தலையணை நனையத் தொடங்கியது. பெண் நோயியல் நிபுணர் ஈஸ்திரஜன் குளிசை எழுதித் தந்தார். எழுதுமுன் "வேறு ஏதும் மருந்து எடுக்கிறீர்களா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன்.

இந்தக் கதையில் நடந்த பிழை அந்த ஒரு சொல்தான். பழைய கோப்பு பேசிக்கொள்ளும் என்று நினைத்தேன். கோப்பு வேறு வைத்தியசாலையில் இருந்தது.

ஈஸ்திரஜன் குளிசை அற்புதமாக வேலை செய்தது. பத்தாம் நாள் இரவில் நிம்மதியாகத் தூங்கினேன். அதனால்தான் அதன்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நல்லது செய்கிற மருந்தை யார் சந்தேகிப்பார்கள்? பாவம், பாமசிப் பையன் அகப்பட்டான்.

என்னிடம் படித்த ஒரு மாணவி இப்போது ஓமோன் நோய்களுக்கான வைத்திய நிபுணர். அவரிடம் அறிக்கையையும் குளிசை அட்டையையும் ஒன்றாகக் கொண்டுபோனேன். அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு பக்கம் வைத்தார். கம்பனி மாறினால் அளவு சற்றுக் கூடக் குறைய நேரலாம், ஆனால் 2 இல் இருந்து 11க்குத் தாவியதற்கு அதை முதல் காரணமாக எடுக்கமாட்டேன் என்றார்.

"புதிதாக என்ன குளிசை தொடங்கினீர்கள், டீச்சர்?"

"ஒன்றும் இல்லை."

"சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒன்றுமே தரவில்லையா?"

"ஈஸ்திரஜன் தந்தார்கள். அது மருந்தா? உடம்பில் இருந்ததைத் திருப்பி வைப்பதுதானே."

அவர் சிரித்தார். "சூலகத்தில் இருந்து வந்த ஈஸ்திரஜனும் வாயால் போகும் ஈஸ்திரஜனும் ஒரே வழியில் போகின்றனவா?" என்று கேட்டு, மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் வரையத் தொடங்கினார். குடல், அதிலிருந்து ஈரலுக்குப் போகும் வாயில் நாளம், ஈரல், பிறகு இதயம். நான் கரும்பலகையில் ஆயிரம் முறை வரைந்த அதே படம்.

சூலகம் சுரக்கும் ஈஸ்திரஜன் நேரே பொதுக் குருதியோட்டத்தில் கலக்கிறது. ஈரலுக்கு அதில் ஒரு பங்கு போகும், மற்ற உறுப்புகளுக்குப் போவது போல. விழுங்கும் குளிசையோ முழுவதும் முதலில் ஈரலைக் கடக்கவேண்டும். கடக்கும்போது அதில் பெரும்பகுதியை ஈரல் மாற்றிவிடும் என்பதால் குளிசையில் அளவைக் கூட்டியே வைத்திருக்கிறார்கள். ஆக, உடம்பின் மற்றப் பகுதிகளுக்கு அளவான மருந்து, ஈரலுக்கு மட்டும் பெருவெள்ளம்.

வெள்ளம் வந்தால் ஈரல் சும்மா இருப்பதில்லை. அதன் கலங்களுக்குள் ஈஸ்திரஜனுக்கான வாங்கிகள், அதாவது ஓமோன் வந்து ஒட்டும் புரதங்கள், இருக்கின்றன. பெரும்பாலும் அல்பா வகை. ஈஸ்திரஜன் அவற்றில் போய் ஒட்டியதும் ஈரல் செய்கிற புரதங்களின் பட்டியலே மாறுகிறது. அதில் ஒன்று தைரொக்சினைக் காவிச் செல்லும் குளோபியூலின். குருதியில் உள்ள தைரொக்சினில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கைச் சுமப்பது இதுதான். ஈஸ்திரஜன் கூடினால் இந்தப் புரதத்தின் மேல் ஒட்டும் சர்க்கரைச் சங்கிலிகளில் சியாலிக் அமிலம் கூடி, அது குருதியை விட்டு மெதுவாகவே வெளியேறுகிறது. அளவு ஏறுகிறது. ஏறிய புரதம் தைரொக்சினைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிடிபட்ட தைரொக்சின் எந்தக் கலத்துக்குள்ளும் போகாது. வேலை செய்வது பிடிபடாமல் சுயாதீனமாகத் திரியும் பங்கு மட்டுமே. அது மொத்தத்தில் 0.03 சதவீதம் அளவுதான்.

கழுத்தில் சுரப்பி உள்ள பெண்ணுக்கு இது நடந்தால் அவருக்குத் தெரியவே வராது. கபச்சுரப்பி ஒரு குரல் கொடுக்கும், தைரொயிட் கொஞ்சம் கூடச் சுரந்து இடைவெளியை நிரப்பிவிடும். எனக்கு நிரப்ப ஆள் இல்லை. நேற்றும் 100 மைக்ரோகிராம், இன்றும் 100, நாளையும் 100. கபச்சுரப்பி பாவம் கத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கத்தலின் அளவுதான் 11.4.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 2001 இல் பகா அரபா என்ற அமெரிக்க வைத்தியர், தைரொக்சின் எடுத்துக்கொண்டிருந்த 25 பெண்களுக்கும் தைரொயிட் நலமாக இருந்த 11 பெண்களுக்கும் வாய்வழி ஈஸ்திரஜன் கொடுத்துப் பார்த்து, நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசினில் எழுதியிருக்கிறார். நலமாக இருந்தவர்களுக்கு டி.எஸ்.எச். அசையவில்லை. மற்றவர்களில் பலருக்கு ஏறியது. ஈஸ்திரஜன் தொடங்கி 12 வாரத்தில் டி.எஸ்.எச். பார்க்கவேண்டும் என்பது அதிலிருந்து வந்த அறிவுரை. எனக்கும் கணக்குச் சரியாக அங்கேதான் வந்து நின்றது.

தைரொக்சின் 125 ஆக ஏறியது. "ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பிறகு பரிசோதியுங்கள். அதற்கு முன் பரிசோதித்து என்னை அழைக்கவேண்டாம்" என்றார் மாணவி, நான் அவரிடம் ஒரு காலத்தில் பேசிய அதே தொனியில். தைரொக்சினின் அரைவாழ்வு ஏறக்குறைய ஒரு வாரம். புதிய அளவு உடம்பில் நிலைகொள்ள ஐந்தாறு வாரம் எடுக்கும். பதினைந்தாம் நாளே ஆய்வுகூடத்துக்கு ஓடுவது காசுக்குக் கேடு. நான் ஓடியிருப்பேன் என்பது அவருக்குத் தெரியும்.

அன்று வீடு திரும்பும்போது 101 இலக்க பஸ்ஸில் இருக்கை கிடைத்தது. காலி வீதி நெரிசலில் தெகிவளைப் பாலம் வரை யோசித்துக்கொண்டே போய்விட்டேன். இறங்கவேண்டிய இடம் பின்னால் போயிருந்தது. என்னை உறுத்தியது டி.எஸ்.எச். அல்ல. இருபத்துமூன்று வருடமாக நான் ஓமோனைப் பற்றிப் படிப்பித்த விதம்.

பூட்டும் சாவியும் என்று படிப்பித்தேன். ஓமோன் சாவி, வாங்கி பூட்டு, இலக்கு அங்கம் கதவு. ஈஸ்திரஜனுக்கு இலக்கு அங்கம் கருப்பையும் மார்பும். ஈரலை எங்கே எழுதினேன்? "ஓமோன்களை உடைத்து அகற்றும்" என்று ஈரலின் தொழில்கள் வரிசையில் ஆறாவதோ ஏழாவதோ. அதாவது ஈரலைக் குப்பை அள்ளுபவராக வைத்திருந்தேன். அதற்குக் காது இருப்பதாக ஒரு மாணவருக்கும் சொன்னதில்லை. இரண்டாவது, பூட்டுகளின் எண்ணிக்கை மாறும் என்று சொன்னதில்லை. ஓமோன் கூடினால் விளைவு கூடும், குறைந்தால் குறையும், அவ்வளவுதான் என் கணக்கு. எங்கள் பாடநூல் மொழியில் 'வாங்கி' என்பது எவ்வளவு நல்ல சொல் என்று அந்த பஸ்ஸில்தான் தோன்றியது. புறக்கோட்டை மெயின் வீதியில் வியாபாரி தொண்டை கிழியக் கத்தலாம். வாங்க எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதில்தான் வியாபாரம் இருக்கிறது.

பிறகு வாசிக்கத் தொடங்கினேன். வாசித்ததில் என்னை அசைத்தவை சில.

1974 இல் கனடாவில் போஸ்னர், கெலி, பிறீசன் ஆகிய மூவர் எலியின் ஈரலைப் பார்த்தார்கள். பால் சுரக்கவைக்கும் புரோலக்டின் ஓமோனுக்கு ஈரலில் வாங்கிகள் இருந்தன. பெண் எலியின் ஈரலில் நிறைய, ஆண் எலியின் ஈரலில் மிகக் கொஞ்சம். ஆண் எலிக்கு ஈஸ்திரஜன் கொடுத்தால் அதன் ஈரலிலும் அந்த வாங்கிகள் பெருகின. ஒரு பாலியல் ஓமோன், வேறொரு ஓமோனுக்கான வாங்கிகளை ஈரலில் கூட்டுகிறது. எனக்கு இனித்தது இதன் அடுத்த படி: கபச்சுரப்பியை அகற்றிய எலியில் ஈஸ்திரஜன் எவ்வளவு கொடுத்தும் அந்தப் பெருக்கம் வரவில்லை. ஈஸ்திரஜன் ஈரலோடு நேராக மட்டும் பேசுவதில்லை, கபச்சுரப்பி வழியாகவும் ஆள் அனுப்புகிறது.

அந்த வழியும் விசித்திரமானது. ஆண் எலியில் வளர்ச்சி ஓமோன் ஏறக்குறைய மூன்றரை மணிக்கு ஒரு முறை குபீரென்று வெளிவந்து, இடையில் இல்லாமலே போய்விடுகிறது. பெண் எலியில் அது ஓயாமல் சொட்டிக்கொண்டிருக்கிறது. ஈரல் அளவை மட்டும் பார்ப்பதில்லை, தாளத்தையும் கேட்கிறது. இடைவெளி விட்டு அடிக்கும் பறை ஒரு செய்தி, ஓயாத உடுக்கு இன்னொரு செய்தி. அந்தத் தாளத்தைப் பொறுத்து ஈரலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் ஆணுக்கு ஒரு மாதிரியும் பெண்ணுக்கு ஒரு மாதிரியும் இயங்குகின்றன. மருந்துகளை உடைக்கும் நொதியங்கள் சிலவும் அவற்றில் அடக்கம். மனிதரில் வித்தியாசம் இவ்வளவு கூர்மையானதல்ல. எலியை அப்படியே எங்கள்மேல் போர்த்தக் கூடாது. ஆனாலும் ஒன்று மனிதரிலேயே பார்த்திருக்கிறார்கள்: வாயால் எடுக்கும் ஈஸ்திரஜன், வளர்ச்சி ஓமோனின் சொல்லை ஈரல் கேட்பதைக் குறைக்கிறது. கபச்சுரப்பி பழுதாகி வளர்ச்சி ஓமோன் ஊசி போடும் பெண்கள் ஈஸ்திரஜனைக் குளிசையாக எடுத்தால் ஊசியின் அளவைக் கூட்டவேண்டி வருகிறது. தோல் வழியாக எடுத்தால் அவ்வளவு வேண்டியிருப்பதில்லை. என் தைரொக்சின் கதையேதான், வேறு ஓமோனோடு.

இதெல்லாம் ஆய்வுகூடத்துச் சங்கதி என்று நினைப்பவர்களுக்கு ஒரு முட்டை அப்பம் போதும். அதன் நடுவில் இருக்கும் மஞ்சட்கருவின் புரதம் கோழியின் சூலகத்தில் உருவாவதில்லை, ஈரலில் உருவாகிறது. ஈஸ்திரஜன் ஈரலுக்குச் சொல்ல, ஈரல் செய்து குருதியில் அனுப்ப, சூலகம் வாங்கி வைத்துக்கொள்கிறது. சேவலுக்கு ஈஸ்திரஜன் ஏற்றினால் அதன் ஈரலும் அதே புரதத்தைச் செய்யத் தொடங்கிவிடும். முட்டையிட வழியில்லாத சேவல். இதைச் சொன்ன நாளில் என் வகுப்பில் ஒரு மாணவன் கூடத் தூங்கவில்லை. இருபத்துமூன்று வருடம் இதைச் சொல்லாமல் விட்டதற்கு வெட்கப்பட்டேன்.

இனி வீட்டுச் சங்கதி. 125க்கு மாறி எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். 2.9. குரல் திரும்பியது. ஆனால் அந்த எட்டு வாரத்துக்குள் மாணவி என் காலை நேரத்தையே திருத்தி எழுதிவிட்டார். நான் எழுந்ததும் தைரொக்சின், பத்து நிமிடத்தில் வல்லாரைக் கஞ்சி, சத்திரசிகிச்சைக்குப் பிறகு எலும்புக்கென்று தந்த கல்சியம் குளிசை, எல்லாவற்றையும் அடுத்தடுத்து முடித்துவிடுகிறவள். கல்சியமும் இரும்புச்சத்தும் தைரொக்சினைக் குடலிலேயே கட்டிப்போடும், நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தைரொக்சினை வெறும் தண்ணீரோடு விழுங்கி அரை மணியிலிருந்து ஒரு மணி வரை கோப்பியும் வேண்டாம், கஞ்சியும் வேண்டாம். சோயா இறைச்சியும் உறிஞ்சுதலைக் குறைக்கும் என்றார். 2022 இல் மீன் விலைக்குப் பயந்து கொழும்பில் பாதி வீடுகள் சோயாவில்தான் ஓடின. சோயாவை விடவேண்டியதில்லை, காலைக் குளிசைக்குப் பக்கத்தில் வைக்காமல் இருந்தால் போதும்.

இன்னொன்றையும் கண்டுபிடித்தார். முடி கொட்டுகிறது என்று மச்சாள் ஒரு குளிசை வாங்கித் தந்திருந்தார். அதில் பயோட்டின் என்ற விற்றமின் அதிக அளவில் இருந்தது. சில ஆய்வுகூட முறைகளில் பயோட்டின் பரிசோதனையையே குழப்பி, டி.எஸ்.எச்.சை உள்ளதைவிடக் குறைத்தும் தைரொக்சினைக் கூட்டியும் காட்டிவிடும். முடி கொட்டுவது தைரொக்சின் குறைவால்; அதற்கு எடுத்த மருந்து அந்தக் குறைவையே மறைக்கும். இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாளாவது முன்னதாக நிறுத்தச் சொன்னார். நான் அடியோடு நிறுத்தினேன்.

பரிசோதனைத் துண்டில் எதை எழுதியிருக்கிறார்கள் என்றும் பார்க்கப் பழகினேன். வாய்வழி ஈஸ்திரஜன் எடுப்பவர், கருத்தடைக் குளிசை எடுப்பவர், கர்ப்பிணி: இவர்களுக்கு மொத்த டி-4, அதாவது மொத்தத் தைரொக்சின், பார்த்தால் எண் பெரிதாக வரும், ஏனென்றால் பிடிபட்ட தைரொக்சினும் அதில் சேர்ந்துவிடும். அதைப் பார்த்து, தைரொயிட் கூடிவிட்டது என்று கலங்கத் தேவையில்லை. சுயாதீன டி-4, டி.எஸ்.எச். இரண்டும்தான் கதை சொல்லும்.

இத்தனையும் படித்தவள் அடுத்த வருடம் மறுபடி பள்ளத்தில் விழுந்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் இது நேர்மையான எழுத்தாகாது.

2023 ஏப்ரலில் இரத்தக் கொழுப்பைப் பார்த்தபோது டிரைகிளிசரைட் 290. முன்பு 150ஐத் தாண்டாது. அதுவும் வாய்வழி ஈஸ்திரஜன் ஈரலுக்குச் சொல்லும் சங்கதிகளில் ஒன்று. குருதி உறையும் காரணிகளையும் ஈரல் கூட்டிச் செய்யத் தொடங்கும், அதனால் கால் நாளத்தில் குருதி உறையும் அபாயமும் சற்று ஏறும். தோலில் பூசும் ஜெல்லில் இருந்து போகும் ஈஸ்திரஜன் ஈரலை வெள்ளமாக அடிப்பதில்லை. பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் அந்த உறைவு அபாயம் கூடியதாகக் காணவில்லை. ஆகவே ஜெல்லுக்கு மாறினோம். வெள்ளவத்தையில் நான் ஏறி இறங்கிய பாமசிகளில் அந்த நேரம் கிடைக்கவில்லை. வைத்தியரின் துண்டோடு பொரளைப் பக்கம் தேடித்தான் வாங்கினேன்.

டிரைகிளிசரைட் இறங்கியது. நான் சந்தோஷமாக இருந்தேன். ஜூனில் நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. இரவு இரண்டு மணிக்கு விழித்துச் சமையலறையைக் கழுவினேன். விடைத்தாள் திருத்தும்போது சிவப்புப் பேனா கையில் நடுங்கியது. ஜெல் உடம்புக்குப் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டி அதைக் குப்பையில் போடப் போனேன். தங்கைதான் தடுத்தாள்: "போன முறை பாமசிப் பையன், இந்த முறை ஜெல்லா? முதலில் இரத்தத்தைக் கொடுத்துப் பாருங்கள், அக்கா."

டி.எஸ்.எச். 0.08.

விளங்குகிறதல்லவா? குளிசை நின்றதும் ஈரலுக்குப் போன வெள்ளம் நின்றது. தைரொக்சினைப் பிடித்துவைத்த புரதம் பழைய அளவுக்கு இறங்கியது. பிடிபட்டிருந்த தைரொக்சின் விடுபட்டது. நானோ அதே 125ஐ விழுங்கிக்கொண்டிருந்தேன். ஈஸ்திரஜன் தொடங்கும்போது பரிசோதிக்கவேண்டும் என்று மனப்பாடம் செய்தவளுக்கு, நிறுத்தும்போதும் வழி மாற்றும்போதும் பரிசோதிக்கவேண்டும் என்று தோன்றவில்லை. ஒரு பக்கச் சமன்பாட்டை மட்டும் எழுதிவிட்டு முழுப் புள்ளி கேட்கும் மாணவர்களை நான் எத்தனை முறை ஏசியிருக்கிறேன். நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு தைரொக்சின் கூடிப்போவது சின்ன விடயமும் அல்ல. இதயத் துடிப்பு ஒழுங்கு குலையலாம், எலும்பு தேயலாம். மறுபடி 100க்கு இறங்கினேன். இப்போது சமையலறைக் கலண்டரில் எந்த மருந்து தொடங்கினாலும் நின்றாலும் அந்தத் திகதியில் ஒரு வட்டம், எட்டு வாரம் தள்ளி இன்னொரு வட்டம். நாள்காட்டி என்று பார்த்தால் கோவில் திருவிழாவை விட வட்டம்தான் அதிகம்.

தெகிவளையில் இருக்கும் தம்பியின் மகளும் தைரொக்சின் எடுப்பவள். போன வருடம் ஒரு காலை அழைத்து, குரலைத் தாழ்த்தி, "மாமி, இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை" என்று தொடங்கினாள். வாழ்த்துச் சொல்ல முதலே "டி.எஸ்.எச். பார்த்தாயா?" என்று கேட்டுவிட்டேன். அவள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். கர்ப்பத்தில் ஈஸ்திரஜன் ஏறுவது குளிசையில் வருவதைப் போலப் பல மடங்கு. அதே ஈரல், அதே புரதம், அதோடு குழந்தைக்கும் முதல் மாதங்களில் தாயின் தைரொக்சின்தான் வேண்டும். தைரொக்சின் எடுக்கும் பெண்களில் பெரும்பாலோருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே 20 முதல் 30 சதவீதம் அளவு கூட்டவேண்டி வருகிறது. முதல் கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்கவேண்டாம், இன்றைக்கே வைத்தியரை அழை என்றேன். அவளுக்கு 75 இல் இருந்து 100 ஆக்கினார்கள். முதல் பாதியில் நான்கு வாரத்துக்கு ஒரு முறை இரத்தம் எடுத்தார்கள். குழந்தை பிறந்ததும் பழைய அளவுக்கு இறக்கவேண்டும் என்பதை இந்த முறை நான் மறக்கவில்லை.

ஆண்கள் தங்களுக்கு இதில் வேலையில்லை என்று நினைக்கக் கூடாது. டெஸ்டோஸ்டிரோன் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. தைரொக்சினைக் காவும் புரதத்தைக் குறைக்கும், பாலியல் ஓமோன்களைக் காவும் புரதத்தையும் குறைக்கும். எங்கள் மாடியில் ஒரு முதியவர் இருந்தார், நெடுங்காலக் குடி. கடைசி வருடங்களில் உள்ளங்கை சிவந்து, மார்பு பெண்களைப் போல் பருத்து, வெட்கத்தில் எப்போதும் தடித்த சட்டை போட்டுக்கொண்டு மரைன் டிரைவில் நடப்பார். அதை ஏதோ சாபம் போலப் பேசினார்கள். ஈரல் சுருங்கிவிட்டால் ஆண் ஓமோன்கள் ஈஸ்திரஜனாக மாறுவது கூடுகிறது, மிஞ்சிய டெஸ்டோஸ்டிரோனைக் காவும் புரதம் பிடித்துக்கொள்கிறது, விகிதம் குலைகிறது. அவ்வளவுதான். அவரிடம் அதைச் சொல்ல எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை.

கொலஸ்ட்ரோல் விடயத்தில் மட்டும் எனக்கு இன்னும் சமாதானம் இல்லை. கெட்டது என்று சொல்கிற எல்.டி.எல். கொலஸ்ட்ரோலைக் குருதியில் இருந்து அள்ளி எடுக்க ஈரலின் மேற்பரப்பில் வாங்கிகள் இருக்கின்றன. அவற்றைக் கண்டறிந்த பிரவுணுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985 இல் நோபல் பரிசு கிடைத்தது. ஈஸ்திரஜன் அந்த வாங்கிகளையும் கூட்டும். சூலகம் ஓய்ந்தபின் பெண்களுக்கு எல்.டி.எல். ஏறுவதற்கு அது ஒரு காரணம். றாலையும் தேங்காய்ப்பாலையும் நான் ஒரு வருடம் வீணாகத் தண்டித்திருக்கிறேன். ஈரலில் கொழுப்பு சேர்வதும் மாதவிடாய் நின்றபின் பெண்களுக்குக் கூடுகிறது. கொழும்புக்கு வடக்கே ராகமைப் பகுதியில் 35 முதல் 64 வயதுள்ளவர்களைப் பரிசோதித்து 2009 இல் வெளியிட்ட ஆய்வில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது. குளிசையில் இருந்தபோது என் எல்.டி.எல். நன்றாக இறங்கியிருந்தது, ஜெல்லுக்கு மாறியதும் மெல்ல ஏறிவிட்டது. ஈரலை விட்டு விலகிப் போகும் மருந்து, ஈரல் செய்த நன்மையையும் விட்டுத்தான் போகிறது. மாணவி அடுத்த முறை அதற்கென்று தனிக் குளிசை எழுதப்போகிறார் என்று நினைக்கிறேன். எழுதினால் முதல் கேள்வி தயாராக இருக்கிறது: இது ஈரலில் என்ன செய்யும், எப்போது இரத்தம் கொடுக்கவேண்டும்?

எல்லா மருந்தையும் ஒரே துண்டில் எழுதி, கைப்பையின் உள் அறையில் வைத்திருக்கிறேன். தைரொக்சின் முதல் வரியில் இருக்கிறது. பல் வைத்தியர் கேட்டாலும் அதை நீட்டுகிறேன்.

பாமசிப் பையனிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். உடனே போகவில்லை, வேறு பாமசியில் ஏழெட்டு மாதம் வாங்கி ஒளித்து நடந்தபின். கடையில் ஆள் குறைந்த மத்தியான நேரமாகப் பார்த்துப் போய், அன்று ஏசியது பிழை, குளிசையில் குறை இல்லை, என் ஈரலில் நடந்தது இது என்று விவரமாகச் சொன்னேன். சூலகத்தில் தொடங்கிக் கபச்சுரப்பி வரை. அவன் பொறுமையாகக் கேட்டான்.

"எப்போது ஏசினீர்கள், அம்மா?"

"2022 ஓகஸ்டில். அட்டையை எறிந்தேனே."

"அந்த வருடம் எல்லோரும்தான் எறிந்தார்கள்" என்று சொல்லிவிட்டு, 100 மைக்ரோகிராமா 125ஆ என்று கேட்டான்.